நான் போகாத கல்முனை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கடைத்தெருவில் என்னை மறித்து, "இதெல்லாம் எங்கேருந்து பிடிக்கிறீங்க?" என்று கேட்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில், மாத்தளையில், எங்கள் வீட்டு வாசற்படியில் ஒரு பின்னேரம் பிறந்தது. தெருவால் போன ஒரு பெண், "எங்க, ஒங்க மகனைக் காணவே இல்ல?" என்று கேட்டாள். என் உம்மா ஸைனம்பு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "அவன் கல்முனைக்குப் போயிட்டானே, கடையில நிக்கிறதுக்கு" என்றார்.

நான் கல்முனையில் இல்லை. றெயிலும் பஸ்ஸும் மாறிப் போகவேண்டிய ஒரு மலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். எனக்குச் சயரோகம். கிழக்குக் கடற்கரையில் இருக்கும் கல்முனையை அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. இன்றுவரைக்கும் கண்டதில்லை.

இதை எழுத உட்கார்ந்து (படுத்து என்று சொல்லவேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்) பல நாளாகிவிட்டது. தொடங்கிப் பார்த்த விதங்களை மறைக்காமல் காட்டுகிறேன்.

"கல்முனைக் கடல் அன்று காலை அமைதியாக—"

அடித்துவிட்டேன். என் பழைய கதைகள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவற்றை வாசித்தவர்கள் என்னைக் கடற்கரைக்காரன் என்று நினைத்திருப்பார்கள். நான் மாத்தளையில் குடை திருத்துகிறவன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நானே சொன்னதுதான்.

"அவன் இருமினான். கைக்குட்டையில்—"

இதையும் விட்டேன். சயரோகக் கதை என்றால் முதல் வரியிலேயே இருமித்தான் ஆகவேண்டுமா? எனக்கு முதல் தடவை ரத்தம் வந்தது குடைத்துணி வெட்டிக்கொண்டிருந்தபோது. கறுப்புத் துணியில் அது ரத்தம் என்றே தெரியவில்லை. ஈரம் என்று நினைத்துத் துடைத்துவிட்டு மற்றக் கம்பிக்குத் தைக்கப் போய்விட்டேன்.

"அழகமுத்து என்று ஒருவன் இருந்தான். அவனுக்குச் சயரோகம் வந்து—"

இது கொஞ்ச தூரம் ஓடியது. என் நோயை வேறொருவன் தலையில் கட்டிவிட்டு, நான் ஒதுங்கி நின்று எழுதலாம் என்ற தந்திரம். அது ஏன் நின்றுபோனது என்பதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். அங்கே போவதற்கு முன் உம்மாவின் பொய்யை முழுதாகச் சொல்லவேண்டும்.

2

அது நல்ல பொய். எங்கள் பக்கத்துப் பையன்கள் மீசை முளைத்ததும் தூரத்துக் கடைகளுக்கு வேலைக்குப் போவது வழக்கம். ஒருவன் இரண்டு வருஷம் ஊரில் இல்லையென்றால் ஏதோ ஒரு கடற்கரையில் கடைக்கு நிற்கிறான் என்றே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

உம்மா பொய் சொன்னது எனக்காக அல்ல, என் தங்கை ஹிதாயாவுக்காக. வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கிக் கொஞ்ச காலம்தான். ஹிதாயா சின்னப் பிள்ளை. சயரோகம் இருந்த வீடு என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு ஒருவரும் படியேற மாட்டார்கள். "குடும்பத்துல இருக்கு" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தச் சொல்லுக்கு உம்மா என் இருமலைவிடப் பயந்தார்.

கண்டிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாதத்துக்கு ஒருமுறை உம்மா என்னைப் பார்க்க வருவார். கட்டிலுக்குத் தள்ளிப் போட்ட வாங்கில் உட்கார்ந்து, முதலில் அழுவார். அழுது முடித்தபின் எனக்குக் கல்முனைச் செய்தி சொல்வார்.

"நீ பெருநாளைக்கு வரல்லன்னு எல்லாரும் கேட்டாங்க. சரக்கு வந்து இறங்கியிருக்கு, முதலாளி விட மாட்டேன்னுட்டாருன்னு சொல்லிட்டேன்."

"முதலாளி பேரு என்னன்னு கேட்டா?"

உம்மா திகைத்துப்போனார். அதை அவர் யோசிக்கவில்லை. "நீயே ஒண்ணு சொல்லு" என்றார்.

"அப்துல் ஸமத் ஹாஜியார்."

"நல்ல மனுசனா?"

"கோபக்காரர். ஆனா சாப்பாட்டுல குறை வைக்க மாட்டார்."

உம்மாவின் முகம் தெளிந்தது. தன் மகனுக்கு வயிறாரச் சாப்பாடு கிடைக்கிறதென்று அவருக்கு உண்மையாகவே நிம்மதி. அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் தொடக்கூட இல்லை.

இப்படித்தான் நாங்கள் இருவருமாகக் கல்முனையைக் கட்டினோம். சொன்னதை உம்மா ஊரில் சொல்லிப் பார்ப்பார். எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று அடுத்த மாதம் வந்து சொல்வார். ஹாஜியாருக்கு ஒரு கிளி கொடுக்க ஆசைப்பட்டேன். "கிளியெல்லாம் வேணாம், ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்று வெட்டிவிட்டார். பின்னாளில் எத்தனையோ பத்திரிகை ஆசிரியர்கள் என் கதைகளில் கை வைத்திருக்கிறார்கள். உம்மா அளவுக்கு யாருக்கும் கை வரவில்லை.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கல்முனையில் ஒருவன் என் பெயரில் நன்றாக இருந்தான். விறுவிறென்று படியேறினான், மூட்டை தூக்கினான், வெயிலில் கறுத்தான். அவனை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். சில நாள் அவன்தான் உண்மை, கட்டிலில் கிடக்கிறவன் அவன் காணும் கெட்ட கனவு என்றும் தோன்றும்.

3

வார்டில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வு நேரம். பேசக்கூடாது, வாசிக்கக்கூடாது, புரளவும் கூடாது. நுரையீரல் அசையாமல் கிடந்தால்தான் புண் ஆறும் என்பார்கள். எங்கள் வார்டு ஒரு பக்கம் சுவரில்லாத நீண்ட விறாந்தை. அந்த நேரம் பார்த்து மேகம் உள்ளே வரும். முதலில் கடைசிக் கட்டில் மறையும், பிறகு ஒவ்வொன்றாக மற்றக் கட்டில்கள். கடைசியில் என் கால்விரல்களும் போய்விடும்.

அந்த வெள்ளைக்குள் படுத்துக்கொண்டு நான் கல்முனையில் நடந்தேன். கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பேன். வாசலைக் கூட்டுவேன். ஹாஜியார் செருமிக்கொண்டு வருவார். காய்ச்சல் கூடிய நாட்களில் கடல் கட்டில்காலடி வரைக்கும் வந்து போகும். பாயில் ஈரமிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். இருந்தது, அது என் வியர்வை.

பக்கத்துக் கட்டில் அழகமுத்து. எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவன். என்னிலும் ஒன்றிரண்டு வயது இளையவன். ஓய்வு நேரம் முடிந்து நர்ஸ் மிஸ்ஸி மணியடித்ததும் முதல் வேலையாக என் பக்கம் தலையைத் திருப்புவான். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் அவனும் என்னை நானா என்பான்.

"நானா, இன்னைக்கு என்னா நடந்திச்சு?"

சொல்வேன். அவனுக்கு எல்லாம் விளக்கமாக வேண்டும்.

"கடலோரமா நடந்தா கால்ல என்னா ஒட்டும்?"

"மணல்."

"அட்டை?"

"கடல்ல ஏது அட்டை?"

அவன் கூரைப் பக்கம் தலையைத் திருப்பினான். "அப்ப நல்ல ஊருதான்" என்றான்.

அவனும் கடலைக் கண்டதில்லை. இரண்டு பேரும் காணாத ஒன்று என்பதால் எங்களுக்குள் சண்டையே வராது. நான் சோர்ந்து கிடந்த நாட்களில் அவனே அங்கே போய்வந்து எனக்குச் சொல்வான். ஹாஜியாருக்கு ஒரு மகளைக் கொடுத்தவன் அவன்தான். "கோவக்கார ஆளுக்குக் கட்டாயம் ஒரு பொண்ணு இருக்கணும் நானா. இல்லாட்டி ஆரு அடக்குறது?" என்றான். ஸக்கியா என்று நான் பெயர் வைத்தேன். அவள் கடைக்குள் வரமாட்டாள். பின்கட்டிலிருந்து அவள் குரல் மட்டும் கேட்கும்.

அப்போதுதான் புது ஊசி வந்திருந்தது. எனக்கும் போட்டார்கள், அவனுக்கும் போட்டார்கள். எனக்குப் பிடித்தது. அவனுக்குப் பிடிக்கவில்லை. மழை மாதத்தில் ஒரு காலை அழகமுத்து இறந்துபோனான். ஏன் நான் தப்பினேன், ஏன் அவன் போனான் என்று டொக்டரைக் கேட்டேன். அவர் என் தலையணையைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பகல் சாப்பாட்டுக்குள் அழகமுத்துவின் கட்டிலில் வேறு ஆள் வந்துவிட்டார்.

என் நோயை அழகமுத்துவுக்குக் கொடுத்து எழுதிய கதை நின்றுபோன காரணம் இப்போது விளங்கியிருக்கும். அவனிடம் ஏற்கனவே அது இருந்தது, அதுவே அவனைக் கொண்டுபோனது. இன்னொரு காரணமும் உண்டு. அவனுக்குக் கல்முனை கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து அறைகளில் ஒருவனுக்குச் சயம் என்றால் தோட்டம் முழுக்கத் தெரியும். தோட்டத்து லொறியில் ஏற்றித்தான் அனுப்புவார்கள். மறைப்பதற்கு அவனுக்கு ஒரு வாசற்படி இருக்கவில்லை. என் கதையை அவன்மேல் ஏற்றினால் அது இரண்டு பேருக்கும் பொய்யாகிவிடும். அவனை நினைத்து இன்றைக்கும் அழுகிறேன். அதை ஒரு பாத்திரத்தின் வாயில் போட்டுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

4

சுகமாகி ஊருக்கு வந்தேன். "கடல் காத்து ஒத்துக்கல்ல போல, மெலிஞ்சிட்டீங்களே" என்றார்கள். ஆமாம் என்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் கல்முனையைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கூட்டம் சேர்ந்தது. அதை ஒருநாள் தாளில் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன், போட்டார்கள். எழுத்தாளன் ஆனது இவ்வளவுதான்.

நான் எப்படி எழுதுகிறேன் என்று கேட்கிறவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு.

(குறிப்பு: பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடையை அரைக்கதவு சாத்திவிட்டு, மல்லாந்து படுத்து, நெஞ்சின்மேல் பலகை வைத்து எழுதுகிறேன். வேறு நேரத்தில், வேறு விதத்தில் ஒரு வரிகூட வராது. என் வசனங்கள் குட்டையாக இருப்பதை ஒரு விமர்சகர் புதுமை என்று பாராட்டியிருந்தார். புதுமையெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு பக்கத்து நுரையீரல் பாதி சுருங்கிவிட்டது, அங்கே மூச்சு முடிகிறது, நான் புள்ளி வைக்கிறேன்.)

சளிப் பரிசோதனை சுத்தம் என்று டொக்டர் சொல்லியனுப்பியிருந்தார். பயமில்லை, எல்லாருடனும் சாப்பிடலாம் என்றார். அது காதுக்குப் போனது, கைக்குப் போகவில்லை. நீலக்கரை போட்ட பீங்கான் தட்டு ஒன்றை எனக்கென்று வைத்துக்கொண்டேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை, நானே வைத்தேன். சாப்பிட்டு, நானே கழுவி, தனியாகக் கவிழ்த்து வைப்பேன். ஹிதாயா வளர்ந்து பெரியவளாகும்வரை அதைத் தொட விட்டதில்லை.

வீட்டில் சரி. விருந்துகளில் என்ன செய்வது? எங்கள் கல்யாணங்களில் ஆளுக்கொரு பீங்கான் கிடையாது. பாய் விரித்து, பெரிய தட்டமொன்றில் சோற்றைக் குவித்து நடுவில் வைப்பார்கள். அதுதான் ஸஹன். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே ஸஹனில் கை வைத்துச் சாப்பிடவேண்டும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். போனதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கறிச்சட்டியைத் தூக்கிவிடுவேன். பரிமாறுகிறவன் பந்தியில் உட்காரத் தேவையில்லை. ஊரில் எனக்குப் பெரிய நல்ல பெயர். "எழுத்தாளன்னு தலைக்கனமே இல்ல பாருங்க" என்பார்கள்.

கல்யாணமும் செய்யவில்லை. உம்மா பேச்செடுத்தபோதெல்லாம் தட்டிக் கழித்தேன். ஊர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தது. கல்முனை முதலாளியின் மகள் ஒருத்தியை மனசில் வைத்துக்கொண்டிருக்கிறானாம். என் கதைகளில் ஸக்கியா வந்துகொண்டேயிருந்தாள், அதனால் நம்பினார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் வேறு காரணம் தேடுவார்கள். ஆனால் சொல்லிவிடுகிறேன், ஊர் சொன்னதில் பாதி உண்மை. சில பகல்களில் பின்கட்டிலிருந்து அந்தக் குரல் கேட்கும். எழுந்து போய்ப் பார்க்காமல் படுத்திருப்பேன்.

5

அறுபத்தேழில் ஹிதாயாவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஸஹாப்தீன், யட்டவத்தைக்காரர். பாடசாலையில் படிப்பிக்கிறார். ஹிதாயாவுக்குப் பிடித்திருந்தது. அவள் வாயால் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க வீட்டில் சோறு குழைந்தது, அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

மாப்பிள்ளைக்கு வாப்பா இல்லை. பேச வந்தவர் அவருடைய தாய்மாமன் இத்ரூஸ். ஐம்பது வயதிருக்கும், பலசரக்குக் கடை வைத்திருந்தார். முன்னறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். திரைக்குப் பின்னால் உம்மாவும் ஹிதாயாவும்.

"தம்பி கல்முனையில நின்டீங்களாமே?" என்றார் இத்ரூஸ்.

"ஆமா. கொஞ்ச காலம்."

"எந்த வருசம்?"

"அம்பத்து மூணு, நாலு."

"அப்படியா! நானும் அந்தக் காலத்துல கல்முனையிலதான். எந்தக் கடை?"

திரைக்குப் பின்னால் ஒரு கோப்பை பலகையில் மோதிய சத்தம் கேட்டது. கல்முனையில் உண்மையாகவே நின்ற ஒருவர் கேட்டால் என்ன சொல்வது என்று உம்மாவும் நானும் யோசித்ததே இல்லை. அப்படி ஒரு கடை இல்லையே என்று இவர் சொன்னால், அடுத்த கேள்வி, அப்போ எங்கே இருந்தீங்க என்பதுதான். அதோடு ஹிதாயாவின் கல்யாணம் அந்த முன்னறையிலேயே முடிந்துவிடும்.

"அப்துல் ஸமத் ஹாஜியாருட கடை" என்றேன். வேறு என்ன சொல்ல?

இத்ரூஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார்.

"ஸமத் ஹாஜியார் கடையா! கடைக்குப் பின்னால ஒரு கிணறு இருக்குமே, தம்பி. ஒரே உப்பு. வாயில வைக்க ஏலாது. குடிக்கிற தண்ணிக்குப் பள்ளிவாசலுக்குத்தான் போகணும்."

வாசகரே, அப்படி ஒரு கடை கிடையாது. அப்படி ஒரு ஹாஜியார் கிடையாது. கிணறு எங்கள் கற்பனையில்கூட இருக்கவில்லை. அதை அந்த நிமிஷத்தில் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து அவர் தோண்டினார்.

(இந்த இடத்தில் முதலில் "ஹாஜியார் ஒரு கிளி வளர்த்தாரே" என்று இத்ரூஸ் சொன்னதாக எழுதினேன். உம்மா வெட்டிய கிளி திரும்பி வருவது அழகாக இருந்தது. அழகாக இருந்ததால் அடித்துவிட்டேன். அவர் சொன்னது கிணறுதான்.)

"ஆமா" என்றேன். "பள்ளிக்குத்தான் போகணும்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? மரியாதைக்காக இருக்கலாம், பெண் கேட்க வந்த இடத்தில் வாயடிக்கக் கூடாது. வேறொரு ஸமத் ஹாஜியாரை நினைத்திருக்கலாம். இரண்டையும் நம்பிப் பார்க்கிறேன், முடியவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் இருமினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். துடைத்த இடத்தை விரித்து ஒரு தரம் பார்த்தார், பிறகு மடித்துப் பைக்குள் வைத்தார். சும்மா இருமுகிறவர்கள் கைக்குட்டையைப் பார்க்க மாட்டார்கள். எங்களைப் போல் கிடந்து எழுந்தவர்கள்தான் பார்ப்போம். சுகமாகி எத்தனை வருஷமானாலும் அந்தப் பழக்கம் விடாது.

அவர் வீட்டாரும் அவருக்காக அதே ஊரைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

சம்பந்தம் நிச்சயமானது.

6

அன்று பகல் என் பீங்கானில் பாதிச் சோற்றோடு உட்கார்ந்திருந்தேன். ஹிதாயா வந்து எதிரே இருந்தாள்.

"நானா, கல்யாணத்தன்னிக்கு நீங்க சட்டியத் தூக்கக் கூடாது."

"ஏன்?"

"எனக்கு வாப்பா இல்ல. நீங்கதான் கை புடிச்சுக் குடுக்கணும். மாப்புள கூட ஒரே ஸஹன்ல நீங்க உட்காரல்லன்னா, அவங்க வீட்ட மதிக்கல்லன்னு ஆயிடும். யட்டவத்தையில காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. எனக்குத்தான் சொல்லிக் காட்டுவாங்க."

அவள் சொன்னது சரி. என்னால் முடியாது என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும். உம்மா அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை, ஆனாலும் ஒரே வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாமல் போகுமா?

ஹிதாயா என் பீங்கானைத் தன் பக்கம் இழுத்தாள். நான் பிடிக்குமுன் அதிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். குசினியிலிருந்து உம்மா கத்தினார். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் மற்றக் கையால் எடுக்கப் போய், அது இடது கை என்று கண்டு நிறுத்தி, என் பிடியை உதறிவிட்டு வலது கையாலேயே சாப்பிட்டாள். கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, மென்றுகொண்டே இருந்தாள்.

"இப்ப என்னத்த செய்வீங்க?" என்றாள்.

எனக்கு அவ்வளவு பயம் ரத்தம் கக்கியபோதும் வந்ததில்லை. அவ்வளவு சந்தோஷமும் வந்ததில்லை. பீங்கானை அவளே கழுவி, மற்றவற்றோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒண்ணு கேட்கவா நானா?" என்றாள் பிறகு. "எப்பவும் கடலையே எழுதுறீங்களே. நாங்கல்லாம் இங்கதானே இருந்தோம்?"

இந்தக் கதையைத் தொடங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

7

நிக்காஹ் முடிந்தது. பள்ளிவாசலின் ஸக்கரியா லெப்பை துஆ ஓதினார். பந்தல் நிறையப் பாய் விரித்து, வரிசையாக ஸஹன் வைத்தார்கள். மாப்பிள்ளையின் ஸஹனுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போகத்தான் எழுந்தேன். கால் என்னைச் சமையல் நடக்கும் ஆக்குப்புரைக்குக் கொண்டுபோனது. பழக்கத்தில் கறிச்சட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டேன். மறுபக்கத்தை வேறொருவர் பிடித்திருந்தார். நிமிர்ந்து பார்த்தால் இத்ரூஸ்.

"நீங்க போய் உட்காருங்க தம்பி. நான் பரிமாறுறேன்."

"நீங்க மாப்புள வீடு நானா. நீங்க பரிமாறவா? நான் எப்பவும் பரிமாறுறவன்."

"நானுந்தான்" என்றார். "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

இருவரும் விடவில்லை. சட்டி இழுபட்டது, கறி தளும்பி என் வெள்ளைச் சாரத்தில் கொட்டியது. பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "சம்பந்திமார் போட்டி போடுறதைப் பாருங்க" என்றார் யாரோ. என்ன பணிவு என்றார் இன்னொருவர்.

இத்ரூஸ் சட்டிக்கு மேலால் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"ஸக்கியாவுக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டு தம்பி. ரெண்டு புள்ள. நல்லா இருக்கா. நீங்க இன்னும் அவள நெனச்சிட்டு நிக்க வேணாம்."

என் கதைகளை அவர் வாசித்திருக்கிறார் என்று அப்போது விளங்கியது. இல்லாத பெண்ணுக்கு நடக்காத ஒரு கல்யாணம். அழகமுத்து கொடுத்த மகளை இவர் கட்டிக்கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் படுத்துக்கொண்டு காது கொடுத்திருந்த குரல், எங்கோ தன் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதைவிட வேறு சொல் தெரியவில்லை.

அவருக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்கவேண்டுமே. என்னிடமும் அந்த ஊர்தான் இருந்தது.

"அந்தக் கிணத்தை இறைச்சுப் பார்த்தாங்களாம் நானா. இப்ப நல்ல தண்ணியாம். எல்லாரும் குடிக்கிறாங்களாம்."

இத்ரூஸ் என்னைப் பார்த்தார். மூச்சு எடுத்துக்கொண்டார். சட்டியை இருவருமாகக் கீழே வைத்தோம்.

8

இனி முடிவு. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

"இருவரும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். யாருக்கும் ஒன்றும்—"

டொக்டரின் சான்றுபோல் இருக்கிறது. விட்டேன்.

"சோற்றை அளைந்து சாப்பிடுவதுபோல் பாவனை செய்துவிட்டு—"

இப்படி முடித்தால் ஹிதாயா என் முகத்தில் விழிக்க மாட்டாள்.

"அடுத்த பாயிலிருந்து ஒருவர் எழுந்து, 'இவர் அந்த ஆஸ்பத்திரியில—'"

நடக்கவில்லை. ஆனால் அன்று முழுக்க அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

இதை அச்சில் போடலாமா என்று இத்ரூஸிடம் போய்க் கேட்டேன். அவர் ரகசியமும் இதில் இருக்கிறதல்லவா? "என் பேர மாத்திடுங்க. கிணத்த மாத்தாதீங்க" என்றார். மாற்றியிருக்கிறேன். மாத்தளையில் வாசிக்கிறவர்கள் எப்படியும் கண்டுபிடிப்பார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஹிதாயாவின் வீட்டுக்கும் கொண்டுபோனேன். அடுப்படியில் உட்கார்ந்து முழுதும் வாசித்தாள்.

"என் மாப்புளைக்கு நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன் நானா, போன மாசமே" என்றாள்.

"என்ன சொன்னார்?"

"அது எங்க வீட்டு விசயம். அதையும் எழுதிடாதீங்க." தாள்களைத் திருப்பித் தந்தாள். "ஸஹன்ல என்ன நடந்திச்சுன்னும் எழுத வேணாம். நான் பொம்பளைங்க பக்கம் இருந்தேன், பார்க்கல்ல. நீங்க எழுதினா நான் நம்பிடுவேன். வாசிக்கிறவங்களும் நம்பிட்டு, நல்லதுன்னு மடிச்சு வச்சிடுவாங்க. அவங்களுக்கு என்ன நட்டம்?"

உம்மாவுக்குப் பிறகு என் கதையில் கை வைக்கத் தெரிந்தவள் அவள். சொன்னபடி செய்கிறேன்.

பாயில் உட்கார்ந்திருக்கிறோம். மாப்பிள்ளை, அவருடைய தம்பி, லெப்பை, இத்ரூஸ், நான். ஐந்து பேர். ஸஹனுக்கு ஆறு பேர் வேண்டும். என் இடது பக்கம் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அங்கே யார் இருந்தார் என்று எழுதாமல் விட்டிருக்கிறேன்.

செம்பு வருகிறது. கையை நீட்டுங்கள் வாசகரே, தண்ணீர் ஊற்றுவார்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் உங்களுக்குக் கால் மடிக்க இடமிருக்கும். சோறு சூடாக இருக்கிறது, இறைச்சி உங்கள் பக்கமாகத்தான் வைத்திருக்கிறது. எனக்கும் இத்ரூஸுக்கும் என்ன இருந்ததென்று மற்ற மூன்று பேருக்கும் அன்றைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பயமில்லை என்று டொக்டர் சொன்னதும் தெரியும்.

லெப்பை பிஸ்மி சொல்லிவிட்டார். இன்னும் யாரும் கை வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி தொடங்காமல் வீட்டார் தொடங்குவதில்லை.